கையில் ஒட்டிய சிவப்புத் தூள்

போன செமஸ்டரில் ஒரு ஒப்படைக்காகப் பழைய நிருவாக அறிக்கைகள் சிலவற்றைப் பார்க்க வேண்டியிருந்தது. நூலகத்தில் ஆக்கள் அவ்வளவாகப் போகாத ஒரு மூலை. தோல் போட்டுக் கட்டின தடிச்ச புத்தகங்கள். ஒன்றை இழுத்தேன். முதுகுத்தோல் அப்படியே கையோட வந்துட்டுது. உள்ளங்கை முழுக்கச் செங்கல்லை உரைச்ச மாதிரி ஒரு தூள். சட்டையில் பட்டதைத் தட்டத் தட்ட அது இன்னும் பரவினதுதான் மிச்சம்.

பயந்துபோய் நூலக அக்காவிடம் கொண்டுபோனேன். அவா ஏசவில்லை. "அதை ஒண்டும் செய்யேலாது தங்கச்சி, தோல் செத்துப்போச்சு" என்றா.

அந்த வசனம் மண்டைக்குள்ள நிண்டுட்டுது. ஆடு செத்து நூறு வருசத்துக்கு மேல இருக்கும். அதுக்குப் பிறகும் தோல் இன்னொருக்கால் சாகுமா? கறையான் இல்லை, பூஞ்சணம் இல்லை. உள்ளே தாள்கூட ஓரளவு நல்லாத்தான் இருந்தது. தோல் மட்டும் மாவாகிப் போயிருந்தது.

தேடிப் பார்த்தபோது, அந்தத் தூளின் கதையில் பெரிய பங்கு நிறத்தின் கதை என்று விளங்கியது. தோலுக்கு அழகான, மங்காத, ஒரே சீரான நிறம் வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு நூற்றாண்டு, அந்த நிறத்துக்காகத் தோலின் ஆயுளை விற்றிருக்கிறது. அந்தக் கணக்கில் சென்னைக்கும் ஆவாரை மரப்பட்டைக்கும்கூட ஒரு பங்கு இருக்கிறது.

துணி வேற, தோல் வேற

தோலுக்குச் சாயம் போடுறது துணிக்குப் போடுற மாதிரித்தானே என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. பருத்தித் துணியைக் கொதிக்கிற தொட்டிக்குள்ள போடலாம். தாவரப் பட்டைகளால் பதனிட்ட தோலை அப்படிப் போட்டால் சுருங்கி விறைச்சுப்போகும். சாயத்தொட்டியின் சூடு கை பொறுக்கிற அளவில், ஏறத்தாழ 45 முதல் 50 பாகை செல்சியஸுக்குள் நிற்க வேண்டும்.

இரண்டாவது, தோலுக்கு ஏற்கெனவே ஒரு நிறம் இருக்கும். பதனிடப் பாவிச்ச பட்டையின் மஞ்சளோ செம்மண் நிறமோ அது. சாயக்காரர் வெள்ளைத் தாளில் நிறம் தீட்டவில்லை; மண்நிறத் தாளில் தீட்டுகிறார். நீலம் போட்டால் பச்சை அடிக்கும், ரோசா போட்டால் செங்கல் அடிக்கும். அதையும் கணக்கில் எடுத்துத்தான் சாயத்தைக் கலக்க வேண்டும். மூன்றாவது, ஒரே ஆட்டின் தோலிலேயே முதுகு இறுக்கம், வயிறு தளர்வு. தளர்ந்த இடம் சாயத்தைக் கூட உறிஞ்சும். ஈரத்தோல் எப்பவும் காய்ந்த தோலை விடக் கறுப்பாகத் தெரியும். அதனால் ஒரு மூலையைக் காயவைத்துப் பார்த்த பிறகுதான் "நிறம் வந்துட்டுது" என்று சொல்ல முடியும்.

இந்த வித்தை பழையது. 1548இல் வெனிஸில் ஜியோவன்வெந்தூரா ரொசெத்தி வெளியிட்ட 'பிளிக்தோ' என்ற சாயநூலிலேயே தோலுக்கு நிறமேற்றும் செய்முறைகள் இருக்கின்றன. அந்தக் காலத்துச் சாயங்கள் எல்லாம் செடியும் பூச்சியும்தான். சிவப்புக்குக் கொச்சினீல், கெர்மெஸ் என்ற பூச்சிகள், மஞ்சிட்டி வேர், சிவப்பு மரச்சீவல். நீலத்துக்கு அவுரி. கறுப்புக்குத் தனிச் சாயமே தேவையில்லை. பதனிட்ட தோலில் ஏற்கெனவே தனின் இருக்கிறது; அதன்மேல் இரும்புக் கரைசலைப் பூசினால் போதும், கறுத்துவிடும். பழைய எழுதுமை செய்த அதே இரசாயனம்.

நிறத்தைப் பிடித்து வைக்கப் பெரும்பாலும் படிகாரம் போட்டார்கள். நிறங்கள் அவ்வளவு பளிச்சென்று இருக்காது, ஒரு தோல் மாதிரி மற்றத் தோல் வராது. ஆனால் அந்தக் காலத்தில் கட்டின புத்தகங்கள் பல இன்றைக்கும் முறியாமல் நிற்கின்றன.

ஒரு சிவப்புக்கு நூறு பவுண்

ஐரோப்பியர் மிகவும் ஆசைப்பட்ட நிறம் 'மொரோக்கோ' தோலின் சிவப்பு. வட ஆபிரிக்காவிலும் துருக்கியிலும் வெள்ளாட்டுத் தோலைக் கொச்சினீல் போன்ற சாயத்தால் சிவப்பாக்கி, சுமாக் என்ற செடியின் இலையாலோ கடுக்காய் போன்ற கொட்டைகளாலோ பதனிட்டார்கள். சாயம் முதல், பதனிடல் பிறகு. இந்த வரிசை ஐரோப்பியருக்குப் பிடிபடவில்லை.

1754இல் லண்டனில் தொடங்கப்பட்ட கலைகள் சங்கம் (பின்னாளில் இது றோயல் சங்கமாகியது) பயனுள்ள தொழில் இரகசியங்களுக்குப் பரிசு கொடுத்து வந்தது. பிலிப்போ என்ற ஆர்மீனியர் துருக்கியில் தோலுக்குச் சிவப்பும் மஞ்சளும் போடும் முறையை அந்தச் சங்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு 100 பவுணும் தங்கப் பதக்கமும் கிடைத்தன. தோலைச் சாயத்துக்குத் தயாராக்கத் தேனையும் அத்திப்பழத்தையும்கூடப் பாவிக்கும் பொறுமையான முறை அது.

இந்தச் சங்கத்தின் பெயரை ஞாபகத்தில் வைத்திருங்கோ. கதையின் கடைசியில் திரும்ப வரும்.

மங்காத நிறத்துக்கு ஒரு அமிலம்

1856இல் 18 வயதான வில்லியம் பேர்க்கின், மலேரியாவுக்குக் குயினைன் செய்யப்போய், தாரிலிருந்து ஊதா நிறத்தைக் கண்டுபிடித்த கதை உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதுக்குப் பிறகு செயற்கைச் சாயங்கள் வரிசையாக வந்தன. 1859இல் மஜெந்தா, 1860களில் பிஸ்மார்க் பிறவுண், 1870களில் அசோ வகைச் செம்மஞ்சள், சிவப்பு நிறங்கள்.

முதலில் வந்தவை பெரும்பாலும் மூலச் சாயங்கள். தாவரத் தனின் உள்ள தோலில் இவை இழுத்துப் பிடித்த மாதிரி ஒட்டும். பளபளப்பு அபாரம். ஆனால் இரண்டு பிரச்சினை. தோலில் தளர்வாகக் கிடக்கும் தனின் தொட்டிக்குள் கசிந்தால், சாயம் அதோடு சேர்ந்து வீழ்படிவாகி, தோலின் மேல் பித்தளை மாதிரிப் பூச்சுப் படியும். மற்றது, வெயில் பட்டால் மங்கிப்போகும். யன்னலோரத்து இறாக்கையில் இருக்கிற புத்தகத்துக்கு இது சரிவராது.

ஆகவே புத்தகத் தோலுக்கு அமிலச் சாயங்கள் விருப்பமாகின. சீராகப் பரவும், வெளிச்சத்தில் கூட நாள் நிற்கும். ஆனால் இவை தானாகத் தோலில் ஒட்டாது. சாயத்தின் நிறமுள்ள பகுதி மறையேற்றம் உடையது. தோலின் புரதத்தில் நேரேற்றம் இருந்தால்தான் அது போய் ஒட்டும். அந்த நேரேற்றத்தை உண்டாக்க, சாயத்தொட்டிக்குள் அமிலம் விட வேண்டும்.

(இரண்டு வகைச் சாயத்தையும் ஒரே தொட்டியில் கலக்கவும் கூடாது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே அடியில் படிந்துவிடும். அந்தக் காலத்துச் சாயக்காரர் கைப்பட்டுப் படித்த முதல் பாடம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.)

வேலை நடந்த விதம் இப்படி. இரண்டு தோல்களை உட்பக்கங்கள் ஒட்டும்படி சோடி சேர்ப்பார்கள். மேற்பக்கம் இரண்டும் வெளியே. இளஞ்சூட்டுத் தண்ணீர் உள்ள மரத்தட்டில் போட்டு, சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஓயாமல் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். முழுச் சாயத்தையும் ஒரேயடியாக விட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். நிறம் பரவின பிறகு அமிலம் விட்டால் சாயம் தோலுக்குள் இறங்கி, தண்ணீர் தெளியும்.

எந்த அமிலம்? வினாகிரியில் இருக்கிற அசற்றிக்கமிலம் காயும்போது ஆவியாகிப் போய்விடும். ஆனால் மலிவானது சல்பூரிக்கமிலம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பேர்மிங்ஹாமில் ஈய அறைகளில் அதைச் செய்யும் முறை வந்த பிறகு, அது பீப்பாய்க் கணக்கில் கிடைத்தது. சாயத்தை ஒட்ட வைக்க மட்டும் இல்லை, சாயத்துக்கு முதல் தோலில் இருக்கும் இரும்புக் கறையைப் போக்கி வெளிறச் செய்யவும் அதே அமிலம்தான். வெளிறின தோலில்தானே வெளிர் நிறங்களும் சீரான நிறங்களும் எடுபடும்.

சல்பூரிக்கமிலம் ஆவியாகாது. தண்ணீர் காயக் காய அது செறிந்துகொண்டு தோலுக்குள்ளேயே இருக்கும். நாளாக நாளாகப் புரத நாரை நீர்ப்பகுத்து அறுக்கும். கடைசியில் மிஞ்சுவது, நான் சட்டையில் தட்டின தூள்.

இதில் எனக்குக் கசப்பாகத் தெரிந்த விஷயம் ஒன்று. நிறம் கனகாலம் நிற்க வேண்டும் என்றுதான் அமிலச் சாயத்துக்குப் போனார்கள். நிறம் நிண்டது. தோல்தான் நிற்கவில்லை.

ஆவாரையின் பயணம்

19ஆம் நூற்றாண்டில் புத்தகம் பெருகியது. மலிவான கட்டுத்தோல் தேவைப்பட்டது. அதில் பெரிய பங்கு சென்னை மாகாணத்திலிருந்து போனது. சென்னை, வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல், திருச்சி என்று பதனிடும் ஊர்கள் வளர்ந்தன.

அங்கே பாவித்த பட்டை ஆவாரை. எங்கட வறண்ட பகுதிகளில், கடற்கரையோரப் பற்றைகளில் மஞ்சளாகப் பூக்குமே, அதே செடி. சிங்களத்தில் ரணவறா. அம்மம்மா வீட்டில் அதன் பூவைக் காயவைத்து அவிச்சுக் குடிக்கிறவை. அந்தச் செடியின் பட்டையை இடித்துக் குழியில் ஊறப்போட்டு ஆட்டுத்தோலையும் செம்மறித்தோலையும் பதனிட்டார்கள். ஆவாரையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சீக்கிரம் சிவந்துபோகும். அதைத் தடுக்கக் கடுக்காய் நீரில் இன்னொருக்கால் போட்டு, எண்ணெய் தடவிக் காயவைத்துக் கட்டி அனுப்பினார்கள். சாயம் போடாத தோல்.

வியாபாரிகளில் பலர் தமிழ் முஸ்லிம்கள். குழிக்குள் இறங்கினவர்களில் பெரும்பாலானோர் தலித் மக்கள். தோலைத் தொட்டதற்காகவே அவர்களைத் தீண்டத்தகாதவர் என்றது சமூகம். யாழ்ப்பாணத்துச் சமூகமும் தோலில் வேலை செய்தவர்களை வேறுவிதமாக நடத்தவில்லை. அதே தோல் கடல் கடந்து நிறம் பூசிப் பொன்னெழுத்து வைத்துப் புத்தகமாகத் திரும்பி வந்தால், அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.

லண்டன் சந்தையில் சென்னைத் தோலுக்கு வைத்த பெயர் 'பேர்சியன்'. பாரசீகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே போன தோலை, எண்ணெயையும் ஆவாரைத் தனினின் ஒரு பகுதியையும் உரித்தெடுத்து, சுமாக்கில் மறுபடி ஊறவைத்து, சல்பூரிக்கமிலத்தில் வெளிறச் செய்து, பிறகு சாயத்தட்டில் போட்டார்கள். ஆட்டுக்கு ஆவாரை நிறம் ஏறியது சென்னையில். அமிலமும் சாயமும் ஏறியது பிரித்தானியாவில்.

நூலகர்களின் முறைப்பாடு

புத்தகத் தோல் உக்குகிறது என்ற கதை முதலே இருந்தது. 1843இல் லண்டனின் அதீனியம் மனமகிழ் மன்றத்தில் கதிரைத் தோலும் புத்தகத் தோலும் கெட்டுப்போனதற்கு, அங்கே எரிந்த வாயு விளக்குகளிலிருந்து வரும் கந்தக அமிலப் புகையே காரணம் என்று மைக்கல் பரடே சுட்டிக்காட்டியிருந்தார். நூற்றாண்டு முடியும்போது நூலகர்களின் முறைப்பாடு பெருகியது. 1900இல் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அமைத்தது யார்? பிலிப்போவுக்கு நூறு பவுண் கொடுத்த அதே கலைகள் சங்கம்.

கொப்ஹாம் பிரபு தலைவர். புத்தகம் கட்டும் கலைஞர் டக்ளஸ் கொக்கரல், தோல் இரசாயனவியலாளர் பேராசிரியர் புரொக்டர் போன்றோர் உறுப்பினர்கள். நூலகங்களுக்கு நேரே போய்ப் பழைய புத்தகங்களைப் பார்த்தார்கள். 1901இல் அறிக்கை வந்தது. 1905இல் அது விரிவான நூலாகவும் வெளிவந்தது.

அவர்கள் கண்டது இதுதான். கடைசி 80, 100 வருசங்களில் கட்டிய புத்தகங்கள், அதற்கு முந்தியவற்றை விட மிக மோசமாகக் கெட்டிருந்தன. பத்து வருசத்தில், சிலது ஐந்தே வருசத்தில். சாயமிடும்போதும் நிறத்தைப் பளிச்சிடச் செய்யும்போதும் பாவித்த கனிய அமிலங்கள் தோலைக் கெடுக்கின்றன என்று குழு தெளிவாகச் சொன்னது. தோலை அளவுக்கு மீறி மெல்லிசாகச் சீவுவதையும், மலிவான தோலில் வேறு தோலின் வரிகளைப் போலியாக அழுத்துவதையும், வாயு விளக்கின் புகையையும் வெயிலையும் சேர்த்துக் குற்றம் சாட்டியது. சுமாக்கில் பதனிட்ட தோலை நல்லது என்றது.

சென்னைத் தோலுக்குக் கிடைத்தது கடுமையான தீர்ப்பு. புத்தகத்துக்கு இது மிகவும் கூடாது. பன்னிரண்டு மாதத்துக்குள்ளேயே கெட்டதைக் கண்டோம். வெயிலும் வாயுப் புகையும் படும் இறாக்கையில் ஐந்தாறு வருசத்துக்கு மேல் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வேறு பல வேலைகளுக்கு இது பொருத்தமான தோல் என்பதையும் குழு சேர்த்தே சொல்லியிருந்தது.

இதை முதன்முதல் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அமிலம் விட்டது அவை, பழி எங்கட ஆவாரைக்கோ? ஒரு காலனித்துவ அநீதி கிடைச்சிட்டுது, கட்டுரை முடிஞ்சுது என்று சந்தோசப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கதை அவ்வளவு லேசு இல்லை. ஆவாரையில் இருக்கிற தனின் வகை, சுமாக்கின் தனினை விடக் காற்றிலுள்ள கந்தகவீரொட்சைட்டைக் கூடப் பிடித்து வைக்கிறது. தோலுக்குள் அது சல்பூரிக்கமிலமாக மாறுகிறது. தொட்டியில் ஒரு துளி அமிலம் விடாவிட்டாலும், நிலக்கரி எரிகிற நகரத்தில் ஆவாரைத் தோல் தானாக அமிலத்தைத் தேடிக்கொள்ளும். 1930களில் பிரித்தானியாவில் ஒரு நீண்டகாலச் சோதனை தொடங்கப்பட்டது. ஒரே மாதிரியான தோல்களால் கட்டிய புத்தகங்களில் ஒரு பங்கை லண்டனிலும், மறுபங்கைத் தூய காற்றுள்ள வேல்ஸின் அபெரிஸ்ட்வித்திலும் வைத்தார்கள். பல வருசம் கழித்துப் பார்த்தபோது லண்டனில் கெட்டுப்போன அதே வகைத் தோல், அபெரிஸ்ட்வித்தில் எவ்வளவோ நல்லாயிருந்தது.

அப்ப குற்றவாளி யார்? பட்டையா, சாயத்தட்டா, புகையா? மூன்றுமே. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆவாரை ஒரு செடி. அது தன்பாட்டுக்கு இருந்தது. ஆவாரைத் தோலைப் புத்தகத்துக்குப் போடச் சொன்னது மலிவு. அதை வெளிறச் செய்து ஒரே சீரான நிறத்தில் வேண்டும் என்று கேட்டது கண். ஒரு தொகுதியின் பன்னிரண்டு பாகமும் இறாக்கையில் ஒரே சிவப்பாக நிற்க வேண்டும். கடையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு நிறம் தெரியும், அமிலம் தெரியாது. ஐம்பது வருசம் கழித்துத் திறக்கப்போகிறவர் அந்தக் கடையில் இல்லை. எந்தப் பேரத்திலும் அங்கே இல்லாத ஆள்தான் கடைசியில் காசு கட்டுவார்.

பிறகு தொழில் திருந்தியது. சாயத்தட்டில் சல்பூரிக்குப் பதிலாக, காயும்போது ஆவியாகிப் போகும் போமிக்கமிலம் வந்தது. ஆனால் அதற்கு முந்தின புத்தகங்கள் உலகம் முழுக்கப் போய்விட்டன. காலனித்துவ அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் இங்கேயும் வந்தன.

நெருப்பில்லாமலும் எரியும்

நூல் அழிவு என்றால் எங்களுக்கு 1981 ஞாபகம் வரும். யாழ்ப்பாணப் பொதுநூலகமும் 97,000 வரையான நூல்களும். அது ஒரு இரவில் நடந்தது, செய்தவர்கள் இருந்தார்கள், அதைப் பற்றி எழுதினோம், அழுதோம். இந்தச் சிவப்புத் தூளுக்கு அப்படி ஒரு திகதி இல்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒருத்தரும் கவனிக்காமல் நடக்கிறது. எரியாமல் தப்பினவையும் நிரந்தரமாகத் தப்பிவிடவில்லை.

செத்த தோலைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியாது. அக்கா சொன்னது சரி. ஆனால் ஒண்டும் செய்யேலாது என்பது சரியில்லை. பாதுகாப்பு நிபுணர்கள் ஒருவகைச் செலுலோசுப் பசையை மதுசாரத்தில் கரைத்துப் பூசித் தூளை இறுக்குகிறார்கள். அது அவர்களுடைய வேலை. நாங்கள் செய்யக்கூடியது சின்ன விஷயங்கள். எண்ணெயோ சப்பாத்துப் பொலிஷோ பூசக்கூடாது, அது கறையைக் கூட்டும். இறாக்கையிலிருந்து எடுக்கும்போது முதுகின் மேல்நுனியில் விரலைக் கொழுவி இழுக்கக்கூடாது. இரண்டு பக்கமும் உள்ள புத்தகங்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, நடுவில் பிடித்து எடுக்க வேண்டும். வெயிலில் வைக்கக்கூடாது. அமிலமில்லாத தாளில் சுற்றி நாடாவால் கட்டி வைக்கலாம். உள்ளடக்கத்தை ஸ்கான் பண்ணி வைக்கலாம். தொட்ட பிறகு கையைக் கழுவுங்கோ.

போன கிழமை அந்த மூலைக்குத் திரும்பப் போனேன். கழன்ற முதுகுத்தோலை அக்கா எறியவில்லை. ஒரு வெள்ளை நாடாவால் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தா. தோலின் மடிப்புக்குள், வெளிச்சம் படாத இடத்தில், விரல் அகலத்துக்குப் பழைய நிறம் அப்படியே இருந்தது. நல்ல சிவப்பு. உண்மையாகவே வடிவான சிவப்பு.